எஃப்டி8 கேள்வி பதில்: மைனஸ் 15 வந்தால் கவலைப்படணுமா?

எஃப்டி8 என்பது ஹாம் ரேடியோவில் (பொழுதுபோக்கு வானொலியில்) கம்ப்யூட்டர் வழியாக 15 விநாடி முறைவைத்துக் குறுஞ்செய்தி பரிமாறும் முறை. எதிராளியின் சிக்னல் எவ்வளவு தெளிவாக வந்தது என்று டெசிபலில் கொடுக்கும் எண்தான் ரிப்போர்ட்.

மதுரை: ஜகார்த்தா நிலையத்துக்கு நான் +02 ரிப்போர்ட் கொடுத்தேன். அவர் எனக்கு -15 கொடுத்தார். என் ஆன்டெனா சரியில்லையா?

அதை வைத்து ஆன்டெனாவைக் குறை சொல்ல முடியாது தம்பி. அந்த எண், அவர் ரிசீவரில் 2500 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் இருக்கும் இரைச்சலோடு உங்கள் சிக்னலை ஒப்பிட்டு வந்த கணக்கு. சிக்னல் பலத்தை மட்டும் காட்டும் எஸ்-மீட்டர் கணக்கு வேறு. அவர் வீட்டைச் சுற்றி மட்டமான எல்.இ.டி. பல்புகளும் ஒரு இன்வெர்ட்டரும் இருந்தால் இரைச்சல் ஏறும், உங்கள் எண் இறங்கும். அவர் உங்களைவிட அதிக பவரில் இருக்கவும் வாய்ப்பு உண்டு. எஃப்டி8 ஏறக்குறைய -20 வரை படித்துவிடும். -15 தாராளம்.

திருச்சி: 25 வாட்டை 100 ஆக்கினால்?

6 டெசிபல் ஏறும், -15 என்பது -9 ஆகும். லாக்கில் (தொடர்புப் பதிவேட்டில்) இரண்டும் ஒரே காண்டாக்ட்தான். ஒவ்வொரு முறையும் 12.64 விநாடி ரிக் (ரேடியோ) மூச்சு விடாமல் ஓடுகிறது, சூட்டைக் கவனியுங்கள். பவரைவிட முக்கியம்: ஏ.எல்.சி. (ஆடியோ மிஞ்சினால் ரிக் தானே அடக்கும் அமைப்பு) முள் அசையக்கூடாது. ஆடியோவை அளவுக்கு மீறித் திருகிவிட்டு 1000 ஹெர்ட்ஸில் அனுப்பினால், அடுத்தவர் வாட்டர்ஃபாலில் (சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் திரையில்) 2000-லும் நீங்களே தெரிவீர்கள். அங்கே வேறொருவர் -18-ல் தவித்துக்கொண்டிருப்பார். இந்த நகலை ரிக்கே வடிகட்டிவிடும்படி ஆடியோ ஹெர்ட்ஸை நகர்த்தும் ஸ்ப்ளிட் வசதியைப் போட்டுவையுங்கள்.

சேலம்: கோடு கோடாகத் தெரிகிறது, ஒன்றும் டிகோட் ஆகவில்லை.

15 விநாடி முறை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். கம்ப்யூட்டர் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்.

நெல்லை: ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கூப்பிடலாமா?

ஆர்.ஆர்.73 ('கிடைத்தது, வணக்கம்') வரும்வரை பொறுங்கள். அவர் அனுப்பாத 15 விநாடியில், காலியான இடம் பார்த்து, 'ஹோல்ட் டி.எக்ஸ்.' (நீங்கள் அனுப்பும் இடத்தை நகராமல் பூட்டுவது) போட்டுக் கூப்பிடுங்கள். அவர் தலைமேலேயே போய் நிற்காதீர்கள்.

கோவை: கேள்வி இல்லை, ஆட்சேபம். இரண்டு கம்ப்யூட்டர் பேசிக்கொள்வதற்கு ஹாம் என்று பெயரா? நான் மோர்ஸ் ஆள்.

வாங்க அண்ணா, காணோமே என்று பார்த்தேன். 2017-ல் இதைக் கொண்டுவந்த இருவரில் ஜோ டெய்லர் 1993-ல் இயற்பியல் நோபல் வாங்கியவர், இன்னொருவர் ஸ்டீவ் ஃபிராங்கே. 6 மீட்டர் பேண்டில் (அலைவரிசையில்) பாதை திறந்து, சிக்னல் மங்கி, சட்டென்று மூடுவதற்குள் காண்டாக்டை முடிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஒரு செய்திக்கு 77 பிட். அழைப்புக்குறி, கிரிட் (இருப்பிடக் குறியீடு), ரிப்போர்ட் அடங்கும், குசலம் அடங்காது. அரட்டைதான் வேண்டுமென்றால் ஜே.எஸ்.8 இருக்கிறது.

கோவை: சரி, ஆளே இல்லாமல் ராத்திரி முழுக்க ஓட விடுகிறார்களே?

அதில் நான் உங்கள் கட்சி. பேண்ட் எப்போது திறக்கும், யாருக்கு முதலில் பதில் சொல்வது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் ஆள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியவை. ஆனால் அதற்காக எஃப்டி8-ஐயே திட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஈரோடு: ஏ.எல்.சி. எவ்வளவு வைக்கணும் சார்?

திருச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தஞ்சை: ஏ.எல்.சி. பாதிவரை ஏறினால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று யார் சொன்னது?