ஜப்பானில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்: என் உச்சரிப்பு எடுபடுமா?

தம்பி, ஏப்ரலில் ஜப்பானியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் உதவி ஆங்கில ஆசிரியராகச் சேரப்போகிறீர்கள். ஜப்பானிய மொழி அரைகுறை, ஆங்கில உச்சரிப்பும் நம் ஆட்களுடையது, சமாளிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்.

உச்சரிப்பை விடுங்கள், அதில் நமக்கு லாபம்தான். ஜப்பானியச் சொற்கள் உயிரொலியில் முடியும், இல்லையென்றால் 'ன்' போன்ற ஒரு மூக்கொலியில். அதனால் மில்க் 'மிருக்கு' ஆகிவிடும், பஸ் 'பஸு' ஆகிவிடும். நாமும் பஸ்ஸு, ஸ்கூலு என்றுதானே பேசுகிறோம்? அந்த உகரம் எங்கே வந்து ஒட்டுகிறது என்று நம் காதுக்குச் சட்டென்று தெரியும். நான் கைதட்டிக் காட்டுவேன்: மில்க் ஒரு தட்டு, மி-ரு-கு மூன்று தட்டு. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வாலை வெட்டிவிடுவார்கள்.

2020 முதல் 3, 4ஆம் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 35 பாடவேளை. பெரும்பாலும் பேச்சும் விளையாட்டும்தான். 5, 6ஆம் வகுப்புகளுக்கு 70. அங்கே பாடநூல், மதிப்பீடு எல்லாம் உண்டு. ஒரு பாடவேளை 45 நிமிடம். வகுப்பை நடத்தும் பொறுப்பு அங்குள்ள ஆசிரியருடையது, நீங்கள் துணை. அவருக்கே ஆங்கிலம் பேசக் கூச்சமாக இருக்கலாம். முந்தின நாளே என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்துவிடுங்கள். உங்கள் அரைகுறை ஜப்பானிய மொழி அதற்குப் போதும்.

உண்மையில் படுத்துவது மௌனம்தான். முதல் வருஷம் நாலாம் வகுப்பில் ஒரு பையனை எழுப்பி, உனக்கு என்ன பிடிக்கும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பக்கத்துப் பையனைப் பார்த்தான், காதைத் திருகினான். கேட்கவில்லையோ என்று நான் இன்னும் சத்தமாகக் கேட்டேன். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. அப்புறம்தான் வகுப்பாசிரியை சொன்னார்: அவனுக்குப் பதில் தெரியும், எல்லார் முன்னாலும் தப்பாகிவிடுமோ என்றுதான் பயம்.

அதிலிருந்து முதலில் எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டும், பிறகு இருவர் இருவராக, கடைசியில்தான் தனியாக, அதுவும் கை தூக்குபவர்கள் மட்டும். யார் முதலில் என்ற சண்டைக்கு 'ஜான்கென்', அதாவது கல், காகிதம், கத்தரி. அதன் தீர்ப்பை அங்கே எந்தப் பிள்ளையும் மறுத்து நான் பார்த்ததில்லை.

அப்புறம், பள்ளிக்குள் போட்டுக்கொள்ளத் தனிக் காலணி வேண்டும். நீங்கள் பெரிய கால்காரர் என்றால் முதல் நாளுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். விருந்தினருக்கு வைத்திருக்கும் செருப்பில் என் குதிகால் பாதி வெளியே நின்றது, அந்த வாரம் முழுக்க ஒன்றாம் வகுப்புக்கு அதுதான் வேடிக்கை.