கிளையன்டுக்கு எந்த சிஎம்எஸ்? – கேள்வி பதில்

கேள்வி: ஒரு ஜவுளிக்கடைக்கு வெப்சைட் செய்யப் போகிறேன் அண்ணா. சிஎம்எஸ், அதாவது கோடு எழுதாமலே வெப்சைட்டில் படம், எழுத்து எல்லாம் ஏற்றி மாற்ற உதவும் மென்பொருள், ஒன்று வேண்டும். வேர்ட்பிரஸ், ஜூம்லா, துருபல், இதில் எது நல்லது?

மூன்றும் இலவசம்தான், மூன்றும் உருப்படியானவைதான் தம்பி. முதலில் கடைக்காரரிடம் கேளுங்கள்: "நான் ஒப்படைத்த பிறகு புதுச் சரக்கின் படத்தை யார் ஏற்றப் போகிறார்கள்?" பெரும்பாலும் பில் போடும் பெண்ணையோ கல்லூரி போகும் மகனையோ கைகாட்டுவார். அவர்களை டெமோ சைட்டின் முன் உட்காரவைத்து, ஒரு சேலைப் படத்தை ஏற்றி விலையை மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. எங்கே திணறுகிறார்கள் என்று பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும். என் ஓட்டு வேர்ட்பிரஸுக்கு. உலகின் வெப்சைட்டுகளில் 40 சதவீதத்துக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. நாளை நீங்கள் வேறு வேலைக்குப் போனாலும் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கும்.

கேள்வி: அப்போ துருபல் யாருக்குத்தான்?

பல துறைகள், பல மொழிகள், ஒருவர் எழுதி இன்னொருவர் ஒப்புதல் தரும் பெரிய நிறுவனங்களுக்கு. 2015-இல் வந்த துருபல் 8 முதல் பன்மொழி வசதி உள்ளேயே இருக்கிறது. வேர்ட்பிரஸில் அதற்குப் பாலிலாங் மாதிரி ஒரு பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்) வேண்டும். ஆனால் துருபல் 7-க்கான ஆதரவு 2025 ஜனவரி 5-ஆம் தேதி நின்றுபோனது. அதிலிருந்து புதிய பதிப்புக்குப் போவது கிட்டத்தட்ட புதிதாகக் கட்டுவதுதான். வருடப் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காதவரிடம் துருபல் பேச்சே எடுக்காதீர்கள்.

கேள்வி: ஆன்லைன் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபைக்கு மாதக் கட்டணம். அதே வேலைக்கு வேர்ட்பிரஸில் சேர்க்கும் வூகாமர்ஸ் பிளகின் இலவசம்தானே?

பிளகின் இலவசம். ஹோஸ்டிங், பேக்கப், அப்டேட், தீபாவளி நேரத்தில் சைட் படுத்தால் ராத்திரி வரும் போன், இதற்கெல்லாம் யார் பில் போடுவது?

கேள்வி: தமிழ்ச் செய்தி சைட் நடத்துகிறோம். வேர்ட்பிரஸில் பதிவின் வெப் முகவரி (URL) பாதியில் வெட்டுப்படுகிறது. வேறு சிஎம்எஸ் போகலாமா?

அதற்காகவா மாறுவது? பதிவின் தலைப்பிலிருந்து உருவாகும் முகவரிக்கு வேர்ட்பிரஸ் கொடுப்பது 200 எழுத்துக்கான இடம். ஒரு தமிழ் யூனிகோடு குறி 3 பைட்; முகவரியில் ஒவ்வொரு பைட்டும் %E0 மாதிரி சதவீதக் குறியோடு 3 இடம் பிடிப்பதால் 9 இடமாக விரிகிறது. 'கோ' என்பது க, துணைக்குறி என இரண்டு குறி, அதுவே 18 இடம். ஆக, 22 குறிகளோடு கதை முடிந்தது. வெளியிடும் முன் முகவரியை மட்டும் இரண்டு மூன்று சொல்லாகச் சுருக்கிவிடுங்கள். தலைப்பு எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். ஏற்கெனவே வந்த பதிவுகளின் முகவரியை மாற்றினாலும், பழைய சுட்டியில் வருபவரை வேர்ட்பிரஸே புதியதற்கு அனுப்பிவிடும்.

கேள்வி: ஒரு ஆடிட்டருக்கு மொத்தமே 5 பக்கம். வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது மாறலாம்.

சிஎம்எஸ்ஸே வேண்டாம். வெறும் எச்டிஎம்எல் போதும், ஆசைப்பட்டால் அப்படிப்பட்ட பக்கங்களை உருவாக்கித் தரும் ஹ்யூகோ. டேட்டாபேஸும் இல்லை, அப்டேட் செய்ய மறந்து ஹேக் ஆக பிளகினும் இல்லை. டொமைனை மட்டும் அவர் பெயரிலேயே வாங்கிக் கொடுங்கள்.