நீல ஹோஸ்டா விதை வாங்கி ஏமாந்தேன். பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் வேப்பமர நிழலில் எந்தச் செடியும் சரியாக வரவில்லை. நிழலில் வளரும் என்று படத்தோடு போட்டிருந்ததால் ஆன்லைனில் ‘நீல ஹோஸ்டா’ என்ற அலங்கார இலைச்செடியின் விதை வாங்கினேன். முளைத்ததோ புல் மாதிரி இருக்கிறது. விற்றவரிடம் கேட்டால், “விதைக்கெல்லாம் ரீஃபண்ட் கிடையாது” என்கிறார். பணம் போனது போனதுதானா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இல்லை அம்மா, விட்டுவிடாதீர்கள். 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திருப்பி எடுக்கவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்க முடியாது. அவர் தானாக எழுதி வைத்த ‘ரீஃபண்ட் கிடையாது’ அந்த விதிக்கு மேல் நிற்காது.

முளைத்ததைப் பிடுங்கிவிடாமல் போட்டோ எடுங்கள். பாக்கெட், பில், விளம்பரப் படத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் பத்திரமாக இருக்கட்டும். விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் அவர் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்தில் தீர்த்து வைக்க வேண்டும். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதற்கும் மேலே போவதென்றால், உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. சிறிய தொகைதானே என்று எல்லோரும் விட்டுவிடுவதால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

இனி செடி விஷயம். பளீர் நீலத்தில் ஹோஸ்டா இலையே கிடையாது. ‘ஹால்சியன்’ போன்ற ரகங்களில் தெரியும் சாம்பல் நீலம் இலைமேல் படிந்த மெழுகுப் பூச்சுதான். வெயிலில் அது கரைந்து இலை பச்சையாகிவிடும். பெயர் பெற்ற ரகங்களை விதையிலிருந்து அப்படியே எடுக்கவும் முடியாது. தாய்ச்செடி எப்படி இருந்தாலும் நாற்று பெரும்பாலும் வெறும் பச்சையாகத்தான் வரும். அதனால் நர்சரிக்காரர்கள் தூரைப் பிரித்தோ திசு வளர்ப்பிலோதான் பெருக்குகிறார்கள். நிறத்தின் பெயர் போட்டு ஹோஸ்டா விதை விற்றால், அதை வாங்கவே வாங்காதீர்கள்.

உண்மையான விதையே வந்திருந்தாலும் கடலூரில் பலன் இருந்திருக்காது. ஹோஸ்டா ஜப்பான், கொரியா, சீனப் பகுதிச் செடி. குளிர்காலத்தில் இலை உதிர்த்து, சுமார் 5 டிகிரிக்குக் கீழே பல வாரம் உறங்கி எழுந்தால்தான் அடுத்த ஆண்டு தழைக்கும். நமக்கு மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

வேப்பமரத்தடிக்கு அக்லோனிமா வையுங்கள். நிழலைத் தாங்கும், இலையிலேயே நிறம் உண்டு. அகன்ற இலைதான் வேண்டுமென்றால் கலாடியம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கினால் அதன் கிழங்கு அழுகும், மேடாக்கி நடுங்கள். ஓய்வுக் காலத்தில் இலை முழுக்கக் காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள், கிழங்கு உயிரோடு இருக்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனி கருகும். முடிந்தவரை மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள்.

கேள்வி: மலைப்பகுதி நர்சரி ஒன்றில் ஹோஸ்டா தொட்டி பார்த்தேன், செழிப்பாக இருந்தது. புதுச்சேரிக்குக் கொண்டுவரலாமா?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: வேண்டாம் ஐயா. வேரில் சேர்த்து வைத்த உணவால் முதல் ஆண்டு நன்றாகவே வரும், அதைப் பார்த்துத்தான் பலர் நம்பிவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு பருவத்திலும் இலை சிறுத்துக்கொண்டே போகும். செடியை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்; ஆண்டுதோறும் அதைச் செய்ய முடிந்தால் மட்டும் வாங்குங்கள். வீட்டில் நாய், பூனை இருந்தால் இன்னும் யோசியுங்கள், ஹோஸ்டா இலையைத் தின்றால் அவற்றுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அக்லோனிமா, கலாடியமும் அவற்றுக்கு ஆகாது, வாய் எரியும். எட்டாத இடத்தில் வையுங்கள்.