ஊசி போடலாமா மிஸ்?

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தாதியாக முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கும் முடக்குவாதம், மூட்டுகளை வீங்கவைக்கிற தன்னுடல் தாக்கும் நோய். ஊசி போட்ட கையும் என்னுடையது, வாங்கிய கையும் என்னுடையது. திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து, தன்னுடல் தாக்கும் நோய் உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் தடுப்பூசி பற்றிக் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். உங்கள் கிளினிக் கொப்பியைப் பார்க்காமல் சொல்கிறேன் என்பது ஞாபகம் இருக்கட்டும். முடிவு உங்கள் டொக்டருடையது.

உவர்மலை: எனக்கு லூப்பஸ். உடம்பே உடம்பைத் தாக்குகிற வருத்தம். தடுப்பூசி போட்டால் அது இன்னும் கிளம்பாதா மிஸ்?

தங்கச்சி, நோயின் பெயரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இரண்டு விஷயத்தைக் கேளுங்கள். போடப்போகிற ஊசியில் உயிருள்ள கிருமி இருக்கிறதா? நீங்கள் என்ன மருந்து, எவ்வளவு எடுக்கிறீர்கள்?

சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுகிற எம்.எம்.ஆர்., கொப்புளிப்பான் ஊசி, மஞ்சள் காய்ச்சல் ஊசி, காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு, இப்போது இலங்கையில் பிள்ளைகளுக்குப் போடுகிற ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி எல்லாம் பலம் குறைத்த உயிருள்ள கிருமி. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவருக்கு அந்தக் கிருமியே வருத்தமாக மாறலாம். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையை நாளுக்கு 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், இரண்டு கிழமை அல்லது அதற்கு மேல் எடுத்தால் உயிருள்ள ஊசி வேண்டாம் என்பது பொதுவான கணக்கு. லூப்பஸுக்கு வழக்கமாகக் கொடுக்கிற ஹைட்ரொக்சிகுளோரோகுயின் குளிசை மட்டும் எடுப்பவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

சளிக்காய்ச்சல் (இன்ஃப்ளூவென்சா) ஊசி, ஏற்பு (டெட்டனஸ்) ஊசி, நியூமோனியாவைத் தடுக்கிற நியூமோகொக்கல், ஹெபடைட்டிஸ் பி, கொவிட் ஊசிகள் உங்களுக்குள் பெருகவே முடியாதவை. அவற்றால் லூப்பஸ் கிளம்புமா? கிளம்பாது என்று சத்தியம் பண்ண மாட்டேன். 30 நாடுகளில் கொவிட் ஊசி போட்ட 696 லூப்பஸ் நோயாளிகளிடம் கேட்டு 2021 இல் ஓர் ஆய்வு வந்தது. நோய் கிளம்பியதாக டொக்டர் உறுதி செய்தது 21 பேருக்கு, நூற்றுக்கு மூன்று. கை நோ, அலுப்பு, தலையிடி என்று ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருந்தது. ஆனால் சளிக்காய்ச்சலோ நியூமோனியாவோ வந்தாலும் லூப்பஸ் கிளம்பலாம். ஆகவே நோய் அடங்கிக் கிடக்கும் காலமாகப் பார்த்துப் போடுவதுதான் புத்தி.

ஊசிகளால் ஒன்றுமே நடந்ததில்லை என்றும் சொல்ல வரவில்லை. 1976 இல் அமெரிக்காவில் பன்றிக்காய்ச்சல் ஊசி போட்டவர்களில் இலட்சத்துக்கு ஒருவர் அளவில் கை கால் சோர்ந்துபோகும் கில்லன் பாரே நோய் கூடுதலாக வந்தது. அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்கள். 2009 இல் ஐரோப்பாவில் போட்ட பண்டெம்ரிக்ஸ் ஊசிக்குப் பிறகு பின்லாந்து, சுவீடன் பிள்ளைகளிடம் பகலிலேயே தூங்கி விழுகிற நார்கொலெப்சி கூடியது. இதையெல்லாம் மறைத்துப் பேசினால்தான் சனத்துக்குச் சந்தேகம் வரும்.

நிலாவெளி: ஹஷிமோட்டோ தைரொயிட், தைரொக்சின் குளிசை மட்டும். எந்த ஊசி கூடாது?

இந்த வருத்தத்துக்காக எந்த ஊசியையும் தள்ளிப்போடத் தேவையில்லை. தைரொக்சின் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்தல்ல.

கிண்ணியா: உம்மா ஹஜ்ஜுக்குப் போக இருக்கிறார். முடக்குவாதத்துக்கு, எதிர்ப்பை அடக்கும் மெதோட்ரெக்ஸேட் எடுக்கிறார். அங்கே கேட்கிற ஊசிகள் போடலாமா?

போடலாம் தம்பி. சவூதி கட்டாயமாகக் கேட்கிற, மூளையுறைக் காய்ச்சலைத் தடுக்கும் மெனிங்கொக்கல் ஏ.சி.டபிள்யூ.வை. ஊசி உயிருள்ளதல்ல. போய் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் போட்டிருக்க வேண்டும். கடைசிக் கிழமைக்கு வைக்காதீர்கள். சளிக்காய்ச்சல் ஊசியும் போட்டுவிடுங்கள், அத்தனை சனத்துக்குள் இருமல் வராமல் திரும்புகிறவர் குறைவு.

சளிக்காய்ச்சல் ஊசிக்கு மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நோய் அடங்கியிருந்தால், ஊசி போட்ட பிறகு மெதோட்ரெக்ஸேட்டை இரண்டு கிழமை நிறுத்தினால் எதிர்ப்பு நன்றாக வரும் என்று கண்டிருக்கிறார்கள். ஆனால் டொக்டர் சொன்னால் மட்டும். நான் ஒருமுறை யாரையும் கேட்காமல் நிறுத்தினேன். இரண்டு கிழமை ஐந்து கிழமையானது. கடைசியில் தேங்காய் திருவ முடியாமல் விரல்கள் வீங்கி உட்கார்ந்திருந்தேன். ஊசியில் பிழையில்லை, என் மேதாவித்தனத்தில்தான் பிழை.

தம்பலகாமம்: அப்பாவைத் தெருநாய் கடித்துவிட்டது. பிரெட்னிசலோனும் ஹைட்ரொக்சிகுளோரோகுயினும் எடுக்கிறார். விசர்நாய்க்கடி ஊசி இவருக்கு ஒத்துவராது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

மகள், இதை வாசித்துக்கொண்டிருக்காமல் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். விசர் வந்துவிட்டால் காப்பாற்றவே முடியாது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் லூப்பஸோ, கர்ப்பமோ, வேறு எந்த வருத்தமோ இந்த ஊசிக்குத் தடையில்லை. அது உயிருள்ள கிருமியும் அல்ல.

போகுமுன் காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் வேண்டாம். அப்புறம் கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோய், என்னென்ன குளிசை என்று கேட்காமலே சொல்லுங்கள். எதிர்ப்பு அடங்கியவர்களுக்குச் சிறு கீறலென்றாலும் ஊசியோடு சேர்த்து, காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலினும் (ஆயத்தமாக இருக்கிற எதிர்ப்பு மருந்து) வேண்டிவரும். நம் நாட்டில் இந்தத் தடுப்பூசியைத் தோலுக்குள் போடுவது வழக்கம். குளோரோகுயின் எடுத்தவர்களுக்கு அப்படிப் போடும்போது பலன் குறைந்ததை 1980களிலேயே கவனித்திருக்கிறார்கள். ஹைட்ரொக்சிகுளோரோகுயின் அதே வகை. அதனால்தான் குளிசையின் பெயரைச் சொல்லச் சொல்கிறேன். தசையில் போடுவதா, பிறகு இரத்தத்தில் எதிர்ப்பு வந்ததா என்று பார்ப்பதா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். ஒரு தவணையையும் விடாதீர்கள்.

சாம்பல்தீவு: எனக்கு எதிர்ப்பை அடக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து ஏற்றுகிறார்கள். பேரப்பிள்ளையை நான்தான் பார்க்கிறேன். பிள்ளைக்கு ஊசி போட்டால் எனக்குத் தொற்றுமா?

அக்கா, பிள்ளைக்கு எல்லாம் நேரத்துக்குப் போடட்டும். 9 மாதத்திலும் 3 வயதிலும் போடுகிற எம்.எம்.ஆர். வீட்டாருக்குத் தொற்றுவதில்லை. கவனம் வேண்டியது போலியோ சொட்டில். அந்தக் கிருமி சில கிழமைகளுக்குப் பிள்ளையின் மலத்தில் வெளியேறும். அந்த நாட்களில் நப்பி மாற்றுவதை மகளிடம் விட்டுவிடுங்கள். ஆளில்லாமல் நீங்கள்தான் மாற்ற வேண்டுமென்றால் கையுறை போட்டு, பிறகு சவர்க்காரத்தால் கழுவுங்கள். தூக்கிக் கொஞ்சுவதற்குத் தடையில்லை.

உங்களுக்கான ஊசிகளை அடுத்த ரிட்டுக்சிமாப் வருவதற்குச் சற்று முன் போடுவதுதான் நல்லது. ஏற்றிய கையோடு போட்டால் உடம்பு எதிர்ப்பைச் சரியாகத் தயாரிக்காது. சளிக்காய்ச்சல் ஊசிக்கு மட்டும் அப்படிக் காத்திருக்க வேண்டாம், கிடைக்கும்போது போடுங்கள்.

மூதூர்: ஏழு மாதக் கர்ப்பம். குடல் வருத்தத்துக்கு இன்ஃப்ளிக்சிமாப் ஏற்றினார்கள். பிள்ளைக்கு ஏதும் பாதிப்பு வருமா?

நல்லவேளை கேட்டீர்கள். எதிர்ப்பை அடக்குகிற அந்த மருந்து தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய், பிறந்த பிறகும் மாதக்கணக்கில் இருக்கும். இங்கே பி.சி.ஜி.யைப் பிள்ளை பிறந்த உடனேயே, வீட்டுக்கு அனுப்புமுன் போட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட ஒரு தாயின் பிள்ளை பி.சி.ஜி. கிருமி உடம்பெல்லாம் பரவி இறந்ததை 2010 இல் பிரித்தானிய டொக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். பி.சி.ஜி.யைக் குறைந்தது ஆறு மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். கர்ப்பக் கொப்பியின் முதல் பக்கத்தில் மருந்தின் பெயரைப் பெரிதாக எழுதி, குடும்பநல மாதுவிடமும் இப்போதே சொல்லிவையுங்கள். பிரசவ அறையில் ஞாபகம் வராது.

சீனக்குடா: மகள் ஆறாம் வகுப்பு. சிறுவயது மூட்டுவாதம். பள்ளிக்கூடத்தில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கிற எச்.பி.வி. ஊசிக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

கையெழுத்துப் போடுங்கள். உயிருள்ள ஊசியல்ல. எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுத்தால் இரண்டுக்குப் பதிலாக மூன்று தவணை நல்லது. அதைக் கிளினிக்கில் கேளுங்கள்.

நகரம்: ஊசி போட்டு மூன்றாம் நாள், காய்ச்சல் விடவில்லை. மூட்டு நோவுக்கு டைக்ளோஃபெனாக் போடலாமா?

வேண்டாம். ஊசிக் காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு நாளில் விட்டுவிடும். மாரி மழை தொடங்கியிருக்கிறது, டெங்கு இல்லையென்று தெரியும்வரை டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் இரண்டையும் தொடாதீர்கள். இரத்தக்கசிவைக் கூட்டும். பரசிட்டமோல் மட்டும், அதுவும் அளவோடு. இன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்து பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு எனக்குத் திரும்ப எழுதுங்கள்.