ஐ.டி. படித்தேன், அடுத்து என்ன? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

தேர்வு முடிவுகள் வரும் காலத்தில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை தகவல் தொழில்நுட்பம் படித்தவர்களுடையவை. மென்பொருள் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, புதியவர்களைத் தேர்வு செய்யும் நேர்காணல்களில் தொடர்ந்து அமர்ந்துவருபவன் என்ற முறையில், இந்த இதழில் அவற்றுள் ஆறு கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

விருதுநகர் மாவட்டத்தில் பி.எஸ்சி. தகவல் தொழில்நுட்பம் இறுதியாண்டு படிக்கிறேன். சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில் 'ஃபுல் ஸ்டாக்' (இணையதளத்தின் முகப்பு, பின்புலம் இரண்டையும் உருவாக்கும் பயிற்சி) படிக்க 60,000 ரூபாய் கேட்கிறார்கள். டேட்டா சயின்ஸ் படித்தால் சம்பளம் கூடுதல் என்கிறார்கள் நண்பர்கள். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதால் இனி நிரலாளர் வேலையே இருக்காது என்கிறார் என் மாமா. நான் எதைப் படிப்பது?

முதலில் அந்த 60,000 ரூபாயைக் கட்டாதீர்கள்; ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003 முதல் நடத்திவரும் என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டினால் போதும். 2022 மார்ச்சில் தொடங்கிய தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தின் பயிற்சிகளில் உங்கள் கல்லூரியில் எவை நடக்கின்றன என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். இவற்றை முடித்த பிறகும் பயிற்சி மையம் தேவை என்று தோன்றினால் அப்போது போகலாம். ஆனால் அப்போது என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

எதைப் படிப்பது என்ற கேள்விக்கு என் பதில் சற்றுப் பழமையானதாகத் தோன்றலாம். ஒரு நிரல்மொழியை ஆழமாகப் படியுங்கள். ஜாவாவோ பைத்தானோ எதுவானாலும் சரி. அதனுடன் தரவுத்தளம், லினக்ஸ் இயங்குதளம், இணையம் இயங்கும் முறை, பலர் சேர்ந்து நிரல் எழுத உதவும் கிட் ஆகியவற்றைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் முன்வைத்த, தகவலை அட்டவணைகளாக அடுக்கும் தொடர்புசார் தரவுத்தளக் கொள்கையின் மேல்தான் இன்றும் வங்கிக் கணக்குகளும் முன்பதிவுகளும் பெரும்பாலும் ஓடுகின்றன. லினக்ஸும் பைத்தானும் 1991-இல் வெளிவந்தவை. பயிற்சி மையத்தின் விளம்பரப் பலகையில் ஆண்டுதோறும் பெயர்கள் மாறினாலும், அடியில் இருப்பவை இவைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நேர்காணலுக்கு வந்த ஒரு மாணவி, தன் தந்தையின் மளிகைக்கடைக் கடன் நோட்டைத் தரவுத்தளமாக மாற்றி ஒரு சிறிய மென்பொருள் செய்திருந்தார். ஒரே பெயரில் இரண்டு வாடிக்கையாளர் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தங்கள் தெருவிலேயே முருகன் என்ற பெயரில் ஐந்து பேர் இருப்பதாகவும், அதனால் ஆளுக்கு ஓர் எண் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். அதன் பிறகு அவரே ஒரு பிழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பாக்கி முழுவதையும் கட்டிவிட்ட ஒருவரின் பெயர் கடன் பட்டியலிலிருந்து நீங்கவே இல்லையாம். ரூபாயைத் தசம எண்ணாகச் சேமித்ததுதான் காரணம் என்று இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். 0.1-ஐ இருமக் கணக்கில் துல்லியமாக எழுத முடியாது என்பதால், கணினியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். அந்த நுனியளவு மிச்சம்தான் வாடிக்கையாளரைக் கடன்காரராகவே வைத்திருந்தது. எல்லாத் தொகையையும் பைசாவாக மாற்றி முழு எண்ணாகச் சேமித்ததும் பிழை நீங்கியது. அந்த மாணவியிடம் இரண்டே சான்றிதழ்கள்தாம் இருந்தன. நாங்கள் அவற்றைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

டேட்டா சயின்ஸ் நல்ல துறை. ஆனால் அதற்குப் புள்ளியியலில் பிடிப்பு வேண்டும். புதியவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது தரவைச் சுத்தம் செய்து, தரவுத்தளத்திடம் எஸ்.க்யூ.எல். என்ற மொழியில் கேள்வி கேட்டு, அறிக்கை தயாரிக்கும் பகுப்பாய்வாளர் வேலை. அதை ஏற்றுக்கொண்டு உள்ளே செல்பவர்கள் முன்னேறுகிறார்கள்.

உங்கள் மாமாவின் கவலை பொய்யானது அன்று. ஒரே மாதிரியான நிரலைத் திரும்பத் திரும்ப எழுதும் தொடக்கநிலை வேலைகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் செய்யத் தொடங்கிவிட்டன. ஆனால் அந்தக் கருவி எழுதிக் கொடுத்த நிரலில் பணத்தைத் தசம எண்ணாகச் சேமித்திருந்தால், அது தவறு என்று கண்டுபிடித்துச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். கருவியைப் பயன்படுத்துங்கள்; ஆனால் அது எழுதித் தந்த ஒவ்வொரு வரியையும் விளக்கிச் சொல்ல முடிந்தால் மட்டுமே அதை உங்களுடையது என்று காட்டுங்கள்.

என் மகள் 2023-இல் பி.டெக். ஐ.டி. முடித்தாள், இன்னும் வேலை கிடைக்கவில்லை. 2 லட்சம் ரூபாய் கொடுத்தால் மூன்று ஆண்டு அனுபவம் உள்ளதாகச் சான்றிதழ் தயாரித்து ஒரு நல்ல நிறுவனத்தில் சேர்த்துவிடுவதாக ஒரு கன்சல்டன்சி சொல்கிறது. நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். – ஒரு தாய், திண்டுக்கல்

அம்மா, தயவுசெய்து நகையை அடகு வைக்காதீர்கள். இது வேலைக்கான கட்டணம் அன்று. உங்கள் மகளின் பெயரில் ஒரு பொய்யை எழுதி வாங்குவதற்கான விலை. அந்தப் பொய் அவரைப் பல ஆண்டுகள் துரத்தும். வேலையில் சேர்ந்த பிறகும் நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பு செய்கின்றன. வருங்கால வைப்புநிதிக் கணக்கின் யு.ஏ.என். எண்ணைப் பார்த்தாலே, ஒருவர் எந்த நிறுவனத்தில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை பணியாற்றினார் என்பது தெரிந்துவிடும். போலி அனுபவம் காட்டிச் சேர்ந்து, எட்டு மாதம் நன்றாகவே வேலை பார்த்த ஓர் இளைஞர், சரிபார்ப்பு அறிக்கை வந்த அன்றே அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியேறியதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அவருக்கு வேலை தெரியாமல் போகவில்லை. அவரை நம்பத்தான் வழியில்லாமல் போயிற்று.

இடைவெளியை மறைக்க வேண்டியதில்லை, நிரப்பினால் போதும். மத்திய அரசின் தேசியத் தொழில்பழகுநர் பயிற்சித் திட்டமான நாட்ஸ் வழியாகப் பட்டதாரிகள் உதவித்தொகையுடன் ஓராண்டுப் பயிற்சி பெறலாம். தென்மண்டலத்துக்கான தொழில்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. அதன் இணையதளத்தில் மகளின் பெயரைப் பதிவு செய்யுங்கள். இருபது, முப்பது பேர் பணியாற்றும் சிறு நிறுவனங்களுக்கும் தயங்காமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அங்கே ஓராண்டில் ஒருவர் தரவுத்தளம், சோதனை, வாடிக்கையாளர் அழைப்பு என எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிடுவார். "இரண்டு ஆண்டுகள் என்ன செய்தீர்கள்?" என்று நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள். குடும்பச் சூழல், தவறிய முயற்சிகள், இப்போது கற்றுக்கொண்டிருப்பது என்று உண்மையை மூன்று வாக்கியங்களில் சொல்லப் பழகட்டும். உண்மையைச் சொல்பவர்மேல் தேர்வாளருக்குக் கோபம் வருவதில்லை.

பி.டெக். ஐ.டி. முடித்துவிட்டேன், ஆனால் நிரல் எழுதுவதில் எனக்கு விருப்பமே இல்லை. தவறான படிப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டேனா? – வாசகர், திருநெல்வேலி

இல்லை. நிரலாக்கம் இத்துறையின் ஒரு பகுதிதான். மென்பொருள் சோதனை, வலையமைப்பு, கணினி நிர்வாகம், இணையப் பாதுகாப்பு, பயனர் இடைமுக வடிவமைப்பு, தொழில்நுட்ப ஆவணம் எழுதுதல், வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டு எழுதும் வணிகப் பகுப்பாய்வு என்று பல வேலைகள் இருக்கின்றன. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை, எந்த வகைச் சிக்கல் உங்களை நேரம் போவது தெரியாமல் உட்கார வைக்கிறது என்பதை வைத்துக் கண்டுபிடியுங்கள்.

ரயில் முன்பதிவுப் பக்கத்தில் வயது கேட்கும் ஒரு கட்டத்தைப் பாருங்கள். தனி இருக்கை வேண்டாம் என்றால் 5 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பயணச்சீட்டு தேவையில்லை என்பது விதி. அப்படியானால் 4, 5, 6 ஆகிய மூன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். 0 போட்டால் என்ன ஆகும், கழித்தல் குறி போட்டால், 200 போட்டால், ஒன்றும் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று தொடர்ந்து கேட்கும் மனம் உங்களுக்கு இருக்குமானால் சோதனைத் துறை உங்களுடையது. ஐம்பது கணினிகள் உள்ள ஓர் அலுவலகத்துக்கு எந்த அளவில் துணைவலை (பெரிய வலையமைப்பின் சிறு பிரிவு) அமைப்பீர்கள் என்றால், /26, அதாவது 64 முகவரிகள் கொண்ட அளவு, என்று சொல்லி, வலையின் தேவைக்கான இரண்டு போக 62-ஐக் கணினிகளுக்குக் கொடுக்கலாம் என்று விளக்குவதில் மகிழ்ச்சி இருந்தால் சி.சி.என்.ஏ. என்ற வலையமைப்புச் சான்றிதழுக்குப் படியுங்கள். இணையப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையங்களில் இரவுப் பணி உண்டு. அதிகாலை இரண்டு மணிக்கு ஒரே கணக்கில் நாற்பது முறை கடவுச்சொல் தவறிய பதிவைப் பார்த்து, மறதியா தாக்குதலா என்று பிரித்தறியும் பொறுமை அங்கே வேண்டும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நேர்மையாக இருந்தவன் ஆகமாட்டேன். இந்த வேலைகள் எதிலும் நிரலை அடியோடு தவிர்க்க முடியாது. சோதனைகளைத் தானியக்கமாக்கவும், பதிவுகளைச் சலித்தெடுக்கவும் ஐம்பது வரி எழுதத்தான் வேண்டியிருக்கும். நாள் முழுவதும் நிரல் எழுதப் பிடிக்கவில்லை என்றால் கவலை இல்லை. நிரலைப் படிக்கவே மாட்டேன் என்றால் சிரமம்.

வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போயே ஆக வேண்டுமா? – வாசகி, தஞ்சாவூர்

வாய்ப்புகளின் எண்ணிக்கையில் சென்னைக்கு இன்றும் நிகர் இல்லை. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது முதல் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக வளர்ந்த நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. வெளிநாட்டு வங்கிகளும் வாகன நிறுவனங்களும் தங்களுக்கென்றே அமைத்துள்ள தொழில்நுட்ப மையங்களும் இருக்கின்றன. கோவை அடுத்த நிலையில் உள்ளது. ஆனால் 2024-இல் விழுப்புரத்திலும் சேலத்திலும் உங்கள் தஞ்சாவூரிலும் மினி டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டுள்ளன. ஜோஹோ நிறுவனம் தென்காசி அருகே மத்தளம்பாறையில் பல ஆண்டுகளாக இயங்குகிறது. என் கருத்து, முதல் இரண்டு ஆண்டுகளாவது அனுபவசாலிகள் பக்கத்தில் அமர்ந்து கற்றுக்கொள்ளும் இடத்தில் இருங்கள் என்பதே. அந்த இடம் உங்கள் ஊரிலேயே அமைந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

பி.எஸ்சி. ஐ.டி. படித்தவர்களுக்கு அரசுப் பணி உண்டா? – வாசகர், தருமபுரி

பட்டம் இருந்தால் எழுதக்கூடிய பொதுத் தேர்வுகள் எல்லாம் உங்களுக்கும் உண்டு. துறை சார்ந்த பணிகளில்தான் கவனம் வேண்டும். வங்கிகளுக்கான ஐ.பி.பி.எஸ். சிறப்பு அதிகாரித் தேர்வில் ஐ.டி. அதிகாரி பதவிக்குப் பொறியியல் பட்டமோ முதுநிலைப் பட்டமோ கேட்கிறார்கள். ஆனால் பட்டதாரி ஒருவர், முன்பு டோயெக் என்றும் இப்போது நீலிட் என்றும் அழைக்கப்படும் நிறுவனத்தின் 'பி' நிலைத் தேர்வில் தேர்ச்சி பெற்றிருந்தாலும் விண்ணப்பிக்கலாம் என்ற வழி பலருக்குத் தெரிவதில்லை. மற்றொரு நேரான வழி எம்.சி.ஏ. தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு டான்செட் நுழைவுத்தேர்வும், திருச்சி என்.ஐ.டி. போன்றவற்றுக்கு நிம்செட் நுழைவுத்தேர்வும் எழுதலாம். இஸ்ரோ, தேசியத் தகவலியல் மையம் ஆகியவற்றின் அறிவிப்புகளில் தகுதிப் பத்தியை வரிவரியாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

தமிழ்வழியில் படித்தவள் நான். ஆங்கிலத்தில் பேச வராததால் மூன்று நேர்காணல்களில் தோற்றேன். தமிழ் அறிவு இத்துறையில் எதற்காவது பயன்படுமா? – வாசகி, கள்ளக்குறிச்சி

ஆங்கிலத்தை முதலில் எழுத்தில் பிடியுங்கள். பேச்சு பின்னால் வரும். தினமும் ஒரு பிழை அறிக்கை எழுதுங்கள். நான் என்ன செய்தேன், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது என்று மூன்றே வரிகள். கைப்பேசியில் எந்தச் செயலி தகராறு செய்தாலும் அதை எழுதலாம். இந்த மூன்று வரி வடிவம்தான் அலுவலகத்தில் அன்றாடம் தேவைப்படும் ஆங்கிலம். அறுபது நாள் எழுதியபின் அதையே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பதில் சொல்லும்போது சொல் கிடைக்காவிட்டால் காகிதம் கேட்டு வாங்கிப் படம் வரைந்து விளக்குங்கள். நான் அறிந்த எந்த நல்ல தேர்வாளரும் அதைக் குறையாகக் கருதியதில்லை.

தமிழ் அறிவு பயன்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாகப் பயன்படும். 'தமிழ்' என்ற சொல்லுக்கு நமக்கு மூன்று எழுத்து. எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் ஒருங்குறியில் (யூனிகோட்) த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள், யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட்டுகள். பைத்தானில் இந்தச் சொல்லை அப்படியே திருப்பிப் போட்டால் 'ழ்மித' என்று வராது. புள்ளி முன்னால் தனியே நிற்க, கொக்கி ழகரத்தில் போய் ஒட்டிக்கொண்டு 'ழிமத' என்று வந்து நிற்கும். பெயர்களை அகரவரிசைப்படுத்தினாலும் இதே சிக்கல்தான். ஒருங்குறியில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ள-வுக்கு அடுத்து ழ என்று வைத்திருப்பதால், வெறுமனே வரிசைப்படுத்தும் நிரல் நம் நெடுங்கணக்கின்படி அடுக்காது. தமிழ் தெரியாத நிரலாளருக்கு இது பிழை என்பதே தெரியாது.

குரலை எழுத்தாக்குதல், மொழிபெயர்ப்பு, அச்செழுத்தை அடையாளம் காணுதல், செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் எழுதும் தமிழைச் சரிபார்த்தல் ஆகிய பணிகளுக்குத் தமிழும் நிரலாக்கமும் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். மத்திய அரசின் மொழிபெயர்ப்புத் தொழில்நுட்பத் திட்டமான பாஷினி, சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் ஆய்வகம், தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆகியவற்றின் அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். தமிழ்ப் பெயர்ப் பட்டியல் ஒன்றை அ முதல் ன வரை சரியாக அடுக்கும் சிறு நிரலை எழுதி, அது எந்தப் பிழையைத் தீர்க்கிறது என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கி, நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஏற்றிவையுங்கள். நான்காவது நேர்காணலுக்குப் போகும்போது அதன் முகவரி உங்கள் விண்ணப்பத்தின் முதல் வரியில் இருக்கட்டும்.