ராஜா கையில் கரணை

கேள்வி: கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். 'பிரிட்டிஷ் ராஜாக்களை ஆட்டிவைத்ததே ஃப்ரீமேசன் என்கிற ரகசிய சங்கம்தான்' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மச்சான் தினமும் எதையாவது போடுகிறார். நிஜமா சார்?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: மச்சான் கதையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். ராஜா வீட்டுப் பிள்ளைகள்தான் சங்கத்தின் தலைமையில் போய் உட்கார்ந்தார்கள்.

1717-ல் லண்டனில் நாலு லாட்ஜுகள் (தங்கும் விடுதி இல்லை, சங்கத்தின் கிளைகள்) கூடி கிராண்ட் லாட்ஜ் என்ற தலைமை அமைப்பை அமைத்தன. மேசன் என்றால் கொத்தனார்; ஆனால் பெயரில்தான் கொத்தனார். கரணை, மூலைமட்டம், கவராயம் எல்லாம் சடங்குக்கு; யாரும் சுவர் வைக்கவில்லை. (தர்மபுரியில் எங்கள் வீட்டில் பூச்சு வேலை செய்தவரிடம் இதைச் சொன்னேன். "அப்போ கூலி யாரு சார் குடுத்தது?" என்றார்.) 1737-ல் வேல்ஸ் இளவரசர் ஃபிரடெரிக் சேர்ந்தார். பிற்பாடு நான்காம் ஜார்ஜ், ஏழாம் எட்வர்ட் என்று அரியணை ஏறிய இருவருமே இளவரசர்களாக இருந்தபோது கிராண்ட் மாஸ்டர்கள், அதாவது சங்கத்தின் தலைவர்கள். 1901-ல் ராஜா ஆனதும் எட்வர்ட் அந்தப் பதவியைத் தம்பி கன்னாட் கோமகனிடம் விட்டுவிட்டார். இப்போதைய சார்லஸ் மன்னர் சேரவே இல்லை.

இதில் சங்கத்துக்கு என்ன லாபம்? 1799-ல், பிரெஞ்சுப் புரட்சி பயத்தில், ரகசியப் பிரமாணம் எடுக்கும் சங்கங்களுக்கு லண்டன் பார்லிமென்ட் தடை போட்டது. மேசன்களுக்கு மட்டும் விலக்கு. தலைவர் பட்டத்து இளவரசர் ஆயிற்றே! ஆனால் உறுப்பினர் பட்டியலை வருஷா வருஷம் அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டும். என்ன ரகசியமோ!

அதே 1799-ல்தான் திப்பு வீழ்ந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிக்கிய கடிதங்களைக் காட்டி, 'நீ திப்புவோடு கள்ள உறவு வைத்திருந்தாய்' என்று ஆற்காட்டு நவாப் உம்தத்-உல்-உமராவின் மேல் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) பழி போட்டது. அவர் யார் தெரியுமா? 1770-களில், இளவரசராக இருந்தபோதே, திருச்சியில் மேசனாகச் சேர்ந்தவர். மகிழ்ந்துபோன லண்டன் கிராண்ட் லாட்ஜ் அவருக்கு அலங்கார ஏப்ரனும் சட்டப் புத்தகமும் அனுப்பிவைத்தது. 1801 ஜூலையில் அவர் கண்ணை மூடினார். அந்த மாதம் முடிவதற்குள் அவருடைய கர்நாடக ராஜ்யம் (இன்றைய கர்நாடகா இல்லை, ஆற்காட்டுச் சீமை) கும்பினி கையில். 'சகோதரர்' என்று கூப்பிட்டவர்கள் யாரும் குறுக்கே வரவில்லை.

கிருஷ்ணகிரி, தர்மபுரி அடங்கிய நம் பாராமகால் 1792-லேயே திப்புவிடமிருந்து கும்பினி கைக்குப் போய்விட்டது. நமக்கு ஏப்ரன்கூட வரவில்லை என்று மச்சானுக்குச் சொல்லுங்கள்.