லீவு நாளில் ஒரே ஒரு ரிப்பேர்: கேள்வி பதில்

லீவு நாளில் வீட்டு ரிப்பேரையும் பார்த்துவிட்டு ஓய்வாகவும் இருக்க முடியுமா என்று பல பேர் பல விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். பல வருஷமாக என் வீட்டு வேலையை நானே பார்த்துக்கொள்பவன் என்ற முறையில், செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

அண்ணா, லீவு வந்தால் ஒன்பது வேலை எழுதி வைக்கிறேன். ராத்திரி பார்த்தால் எல்லாமே அரைகுறை, உட்கார்ந்து ஒரு பக்கம் படிக்கக்கூட நேரம் இல்லை. எப்படித்தான் திட்டம் போடுவது?

ஒன்பதில் எட்டை அடித்துவிடுங்கள் தம்பி. மீதி ஒன்று எது என்றால், தினமும் உங்கள் கை படுகிற பொருளாக இருக்க வேண்டும். பரண் மேல் கிடக்கும் உடைந்த நாற்காலி இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கும், ஆனால் இழுத்து இழுத்துச் சாத்துகிற குளியலறைக் கதவு ஒரு நாளைக்குப் பத்து தடவை உங்கள் பொறுமையைத் தின்கிறது. அதைச் சரிபண்ணினால் மறுநாள் காலையிலேயே பலன் தெரியும்.

இன்னொன்று, காய வேண்டிய வேலையைக் காலையில் முதலில் செய்யுங்கள். பசை, பட்டி, பெயிண்ட், சிலிகான் எல்லாம் பூசின பிறகு நாம் தொடவே கூடாத நேரம் ஒன்று உண்டு. அந்த நேரம் முழுக்க உங்களுடையது. நான் ரிப்பேர் நாளை இந்தக் காயும் நேரத்தை வைத்துத்தான் திட்டம் போடுவேன்: பத்து மணிக்குள் பூசிவிட்டால் மதியம் வரை புத்தகம், தூக்கம், பாட்டு, எது வேண்டுமானாலும். சாமான் வாங்குவதை முந்தின நாளே முடித்துவிடுங்கள். பாதி வேலையில் வாஷர் இல்லை என்று கடைக்கு ஓடினால் அந்த நாள் போயே போய்விட்டது.

சமையலறைக் குழாயை எவ்வளவு இறுக்கி மூடினாலும் சொட்டுகிறது. ஆள் கூப்பிடாமல் முடியுமா சார்?

தாராளமாக முடியும். முதலில் இறுக்குவதை நிறுத்துங்கள், இறுக்க இறுக்க உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் நசுங்கி இன்னும் சீக்கிரம் போகும். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலே நாளுக்கு 86,400 சொட்டு. சந்தேகமாக இருந்தால் ராத்திரி ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள்.

தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டுக் குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீரை வடிய விடுங்கள். சிங்க் ஓட்டையில் ஒரு துணியைத் திணித்து வையுங்கள், சின்ன ஸ்க்ரூ உள்ளே விழுந்தால் வேலை இரண்டாகிவிடும். கைப்பிடியைக் கழற்றி, அதன் கீழே இருக்கும் நட்டை ஸ்பேனரால் தளர்த்தினால் தண்டு முழுசாகக் கையோடு வரும். அதன் அடியில் வாஷர். பழைய வாஷரைப் பார்த்தீர்களானால் நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்து, ஓரம் கல் மாதிரி இறுகியிருக்கும். அதையே கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள் (நாலைந்தாக வாங்கி வைத்தால் அடுத்த தடவை பாதி வேலையில் கடைக்கு ஓட வேண்டாம்). புதுசு போடுவதற்கு முன், வாஷர் போய் உட்காரும் இடத்தை விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்போ வெட்டோ தட்டுப்பட்டால் புது வாஷரும் சீக்கிரமே கிழிந்துவிடும், அப்போது குழாயை மாற்றுவதுதான் சரி.

கால் சுற்றிலேயே திறந்து மூடுகிற குழாய் என்றால் உள்ளே வாஷர் இருக்காது, பீங்கான் தட்டு வைத்த கார்ட்ரிட்ஜ் இருக்கும், அதை அப்படியே மாற்ற வேண்டும். குழாயையே கழற்றி மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: டெஃப்லான் டேப்பை (தண்ணீர் கசியாமல் இருக்க மரையில் சுற்றும் மெல்லிய டேப்), மரை இருக்கும் முனை உங்களைப் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் முறுக்கும்போது டேப் உரிந்து வெளியே வந்துவிடும்.

மழைக்காலம் வந்தால் படுக்கையறைக் கதவு நிலையில் இடிக்கிறது. இழைத்துவிடலாம் என்கிறார்கள். இழைக்கலாமா?

அவசரப்படாதீர்கள். ஈரத்தில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். ஊதியிருக்கும்போது இழைத்துவிட்டால், வெயில் காலத்தில் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விரல் போகிற அளவு இடைவெளி விழுந்துவிடும்.

முதலில் மேல் கீலைப் பாருங்கள். கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கம் லேசாகத் தூக்கினால் மேல் கீல் ஆடுகிறதா? ஆடினால் குற்றம் ஸ்க்ரூவிடம்தான், மரத்திடம் இல்லை. ஸ்க்ரூ சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் ஓட்டை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். மருந்து நீக்கின தீக்குச்சிகளை மரப்பசையில் தோய்த்து ஓட்டையில் நெருக்கமாகச் சொருகி, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு, சில மணி நேரம் காயவிட்டு அதே ஸ்க்ரூவைத் திரும்ப ஏற்றுங்கள். கடைசிச் சுற்றில் கைக்கு ஒரு பிடிமானம் தெரியும் பாருங்கள், எனக்கு அந்த ஒரு நொடிக்காகவே இந்த வேலை பிடிக்கும்.

அப்புறமும் இடித்தால், நிலையின் உள்பக்கம் சாக்பீஸ் தடவிக் கதவைச் சாத்தித் திறங்கள். கதவில் எங்கே வெள்ளை ஒட்டுகிறதோ அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். மழை முடிந்து மரம் நன்றாகக் காய்ந்த பிறகு கதவின் மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் வார்னிஷ் அடியுங்கள். பெரும்பாலும் யாரும் அந்த இரண்டையும் தொடுவதில்லை, ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, சில சமயம் கம்பால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது.

பெரும்பாலும் கண்டன்சர்தான், அதாவது ஃபேனைக் கிளப்பிவிடும் சின்ன டப்பா. பழையதில் எழுதியிருக்கும் அதே மைக்ரோஃபாரட் அளவைப் பார்த்து வாங்குங்கள், 2.5, 3.15 என்று எண் போட்டிருக்கும். ஆனால் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏறாதீர்கள், மெயினையே அணைத்து, டெஸ்டரால் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கண்டன்சர் தனக்குள் மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கி வைத்திருக்கும் என்பதால் அதன் முனைகளைத் தொடவே கூடாது. வயர் வேலை பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இதில் வீம்பு வேண்டாம்.

ஆணி பிடுங்கின ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்தேன், காய்ந்ததும் குழிவிழுந்துவிட்டது.

பட்டி காயும்போது சுருங்கும். அதனால் சுவர் மட்டத்தைவிடத் துளி மேடாக வையுங்கள், ஆழமான ஓட்டை என்றால் இரண்டு தடவையாக. நன்றாகக் காய்ந்ததும் 120 எண் உப்புத்தாள், பிறகு 220. ப்ரைமர் ஒரு கை அடிக்காமல் பெயிண்ட் அடித்தால் அந்த இடம் மட்டும் திட்டாகத் தெரியும்.

சுவரில் ஓதம். பெயிண்ட் அடித்து மறைக்கலாமா அண்ணா?

வேண்டவே வேண்டாம், உரிந்துவிடும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளை அந்த இடத்தில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நீர் கோர்த்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது, கசிவைத் தேட வேண்டும். அறைப் பக்கம் கோர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம், அதற்கு ஜன்னலைத் திறந்து காற்று விடுவதே முதல் வைத்தியம்.

சிங்க் அடைப்புக்கு பிளீச்சும் ஆசிட்டும் சேர்த்து ஊற்றினால் சுத்தமாகிவிடும் என்கிறார்களே?

தயவுசெய்து செய்யாதீர்கள் அம்மா. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடின அறையில் உயிருக்கே ஆபத்து. அம்மோனியா கலந்த கிளீனரையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது. அடியில் ஒரு வாளியை வைத்து, சிங்க்குக்குக் கீழே வளைந்திருக்கும் டிராப்பைக் கையால் கழற்றுங்கள். பெரும்பாலும் அடைப்பு அங்கேயேதான் இருக்கும்.

சும்மா உட்கார்ந்தால் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. நீங்கள் எப்படி?

முன்பு எனக்கும் இருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு நான் கத்தி தீட்டுவதைச் சொல்வேன், அது வேலையும் கூட, ஓய்வும் கூட. 1000 எண் சாணைக்கல்லை ஊறவைத்து (ஊறத் தேவையில்லாத கல் என்றால் மேலே தண்ணீர் தெளித்து), கத்தியைக் கல்லோடு 15 முதல் 20 டிகிரி சாய்வில் பிடித்து, அந்தச் சாய்வு மாறாமல் மெதுவாக இழுங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபக்க ஓரத்தில் மெல்லிய பிசிறு ஒன்று விரலுக்குத் தட்டுப்படும் (ஓரத்தின் நீளவாக்கில் தடவாதீர்கள், குறுக்கே வெளிப்பக்கமாக). அது நுனி முதல் அடி வரை வந்ததும் திருப்பிப் போடுங்கள். கல்லில் சாம்பல் நிறச் சேறு படியும், சத்தம் சரசரவென்று இருந்தது மெல்ல மிருதுவாகும். அரை மணி நேரம் மனசு வேறு எங்கும் போகாது. எழுந்ததும் ஜன்னல் பக்கம் போய் உட்காருங்கள், அன்றைக்கு உட்கார்வது உறுத்தாது.

ஆறு வயசுப் பையன் கூடவே வருகிறான். வேலை கெடுகிறது, விரட்டவும் மனசில்லை.

விரட்டாதீர்கள். டிரில், பிளேடு, வயர் இந்த மூன்றும் அவன் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். டார்ச் பிடிக்கிற வேலையை அவனுக்குக் கொடுங்கள், கழற்றின ஸ்க்ரூவை எல்லாம் ஒரு கிண்ணத்தில் போட்டு எண்ணச் சொல்லுங்கள். திரும்ப மாட்டும்போது ஒரு ஸ்க்ரூவையாவது கடைசி இரண்டு சுற்று அவனே முறுக்கட்டும். சாயங்காலம் அந்தக் கதவை அவன் எத்தனை தடவை திறந்து மூடுகிறான் என்று பாருங்கள்.